சித்திக்கு மூன்று மார்க்

மார்க் போடுகிறவனுக்கு ஊரில் பாதிப் பேர் விரோதி. மீதிப் பேர் இன்னும் பரீட்சை எழுதவில்லை, அவ்வளவுதான்.

கோலப் போட்டியோ, பேச்சுப் போட்டியோ, கொழுகொழுக் குழந்தைப் போட்டியோ, ஏதோ ஒன்றில் உங்களையும் நாற்காலியில் உட்கார வைத்து, "நீங்களே பார்த்து ஒரு தீர்ப்புச் சொல்லுங்க" என்று யாராவது மாட்டிவிட்டிருந்தால், நீங்களும் நம் கட்சிதான். பக்கத்தில் வந்து உட்காருங்கள். நான் பட்டது உங்களுக்குத்தான் புரியும்.

எனக்குச் சொந்த ஊர் ஆவூர். புதுக்கோட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த நாளில், புதுக்கோட்டையில் இருந்த சினிமா ரசிகர் சங்கத்தார் ஒரு பரிசு ஏற்படுத்தினார்கள். கதாநாயகிக்கு இல்லை. அவள் படம்தான் சவரக் கடைக்குக் கடை தொங்குகிறதே! அவளுக்குத் தாயாக, தோழியாக, வேலைக்காரியாக வந்து போகிறவர்களின் பெயர்கூட யாருக்கும் தெரிவதில்லை. அப்படிப்பட்ட உப நடிகைகளில் சிறந்தவருக்கு ஒரு வெள்ளிக் குங்குமச் சிமிழ் என்று முடிவாயிற்று. நாலு நடிகைகளைப் பொறுக்கி எடுத்தார்கள். அவர்களுடைய நாலு படங்களையும் வாரத்துக்கு ஒன்றாகப் போட, திருக்கோகர்ணம் போகிற வழியில் இருந்த டெண்ட் கொட்டகைக்காரர் சம்மதித்தார். நீதிபதிகள் மூன்று பேர். அதில் ஒருவன் நான்.

என்னைப் பிடித்த காரணம்

சங்கத்தின் காரியதரிசி முத்தையா ஜவுளிக்கடை வைத்திருந்தார். துணி அளக்கும்போதும் சினிமாப் பேச்சுதான். பேச்சு சூடு பிடித்தால் கஜக்கோல் பாதியில் நின்றுவிடும்; வாங்க வந்தவர் தாமே அளந்துகொண்டு போக வேண்டியதுதான். வேட்டி எடுக்கப் போன என்னை அவர் உட்கார வைத்து ஒரு சோடா உடைத்துக் கொடுத்தபோதே எனக்குச் சந்தேகம் தட்டியது. ஜவுளிக்கடையில் சோடா கிடைத்தால் பின்னால் ஏதோ வருகிறது என்று அர்த்தம்.

விஷயத்தைச் சொன்னார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "நான் வருஷத்துக்கு இரண்டு படம் பார்த்தால் அதிகம். நடிப்புக்கும் எனக்கும் என்ன சம்பந்தம்?" என்று தட்டிக் கழிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. ஹெட்மாஸ்டரின் மச்சினன் மகனுக்கே முப்பத்துநாலு போட்டு, ஒரு மார்க்கில் உட்கார வைத்தவன் நான். யார் யாரோ வந்து கேட்டும் அந்த ஒரு மார்க் வரவில்லை. அந்தக் கதை ஜவுளிக்கடை வரைக்கும் வந்திருந்தது.

முத்தையா சொன்னார்: "ஒங்களுக்கு நடிப்பப் பத்தி ஒண்ணும் தெரியாதுன்னு எனக்குத் தெரியும் சார். ஆனா தலைகீழா நின்னாலும் போட்ட மார்க்க மாத்த மாட்டீங்கன்னு ஊருக்கே தெரியும். எங்களுக்கு அதான் வேணும்."

புளியங்கொட்டை மார்க்

ஒரு நீதிபதியாவது பெண்ணாக இருக்க வேண்டும் என்பது சங்கத்தின் தீர்மானம். அதில் நியாயம் இருந்தது. கொட்டகையை நடுவில் ஒரு கீற்றுத் தட்டி இரண்டாகப் பிரித்தது. இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். அந்தப் பக்கத்தில் யார் அழுகிறார்கள், யார் சிரிக்கிறார்கள் என்று இந்தப் பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியாது. பெரிய வீட்டு அம்மாள்கள் இரண்டு பேர் முதலில் ஒப்புக்கொண்டார்கள். பிறகு ஒருவருக்கு வீட்டுக்காரர் வேண்டாமென்றார்; இன்னொருவருக்கு மாமியார் வேண்டாமென்றார்.

கடைசியில் கிடைத்தவள் பாக்கியத்தம்மாள். பெண்கள் பக்கத்து வாசலில் டிக்கெட் கிழிப்பவள். அந்தக் காலத்தில் கொட்டகையில் ஒரே ஒரு மெஷின்தான். ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு அடுத்த ரீலை மாட்டுவார்கள். அந்த இடைவெளியில் பாக்கியத்தம்மாள் வறுத்த கடலைப் பொட்டலம் விற்பாள். இடத்துக்குச் சண்டை போடுகிறவர்களை விலக்குவாள். படம் எத்தனை நாள் ஓடுகிறதோ அத்தனை நாளும் பார்த்தவள். ஊரில் அவளை விடச் சினிமா பார்த்தவர் கிடையாது. ஆனால் எழுத்து வாசனை இல்லை. சங்கத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். அவள் அலட்டிக்கொள்ளவில்லை. பத்துப் புளியங்கொட்டை என்றால் முழு மார்க் என்று தானே ஒரு வழி வைத்துக்கொண்டாள். ஒவ்வொரு நடிகைக்கும் ஒரு துண்டுத் துணி. அதில் தனக்குத் தோன்றிய அளவு கொட்டை போட்டு முடிந்து வைப்பாள்.

"எழுதப் படிக்கத் தெரியாம எப்படியம்மா மார்க் போடுவே?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். அவள் சொன்னாள்: "நம்பரு எழுதத் தெரியாதுங்க. ஆனா எவ நெசமா அழுகுறா, எவ சும்மா கண்ணத் தொடைக்கிறான்னு தெரியும். அதுக்கு எதுக்குங்க நம்பரு?"

தூங்காத ஆர்மோனியக்காரர்

மூன்றாவது நீதிபதி ஆர்மோனியம் சண்முகம். நாடக மேடைகளில் இருபது வருஷம் ஆர்மோனியம் வாசித்தவர். முதல் படம் ஆரம்பித்தது. எப்போதும் இருமிக்கொண்டே இருந்து கடைசியில் செத்துப்போகிற தாய் அதில் உப நடிகை. நான் நோட்டும் பென்சிலுமாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் பார்த்தால் சண்முகம் கண்ணை மூடிக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருந்தார். பாவம், களைப்பு என்று ஒரு ரீல் வரைக்கும் விட்டேன். இரண்டாவது ரீலிலும் கண் திறக்கவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது. வகுப்பில் தூங்குகிற பையனை எழுப்புகிற பழக்கத்தில் விலாவில் ஒரு குத்து விட்டேன்.

மனிதர் பதறவில்லை. கண்ணைத் திறக்காமலே, அந்தத் தாய் மூன்று இடத்தில் இருமியதையும், மூன்று இருமலும் ஒரே மாதிரி இருந்ததையும் சொன்னார். நோய் முற்ற முற்ற இருமல் மாற வேண்டாமா என்று என்னைக் கேட்டார். நான் அந்தத் தாய்க்கு எட்டு போட்டிருந்தேன். இருமலை எண்ணவே இல்லை.

"கண்ணத் தொறந்தா சேலையும் நகையும்தான் தெரியுது வாத்தியாரே," என்றார் சண்முகம். "மூடுனாத்தான் ஆளு தெரியும்."

செத்தவள் பாடினாள்

இரண்டாவது வாரம் தோழிப் படம். கதாநாயகிக்காக உயிரை விடுகிற தோழி. ஏழாவது ரீலில் அவள் விஷம் குடித்துச் செத்தாள். பெண்கள் பக்கத்தில் ஒரே விசும்பல். விளக்குப் போட்டார்கள், அணைத்தார்கள். அடுத்த ரீலில் அதே தோழி நந்தவனத்தில் பூப்பறித்துக்கொண்டு சிரித்துப் பாடினாள். ஆவியாக வந்து கதாநாயகிக்கு ஆறுதல் சொல்கிறாள் என்று நான் புரிந்துகொண்டேன். செத்த பிறகும் இத்தனை மலர்ச்சியா, என்ன தியாகம், என்ன நடிப்பு! கூட ஒரு மார்க் போட்டு, அதன் பக்கத்தில் "ஆவி நடிப்பு மிகச் சிறப்பு" என்று குறிப்பும் எழுதினேன்.

படம் முடிந்து வெளியே வரும்போதுதான் தெரிந்தது, ஆறாவது ரீலுக்கு முன்னால் ஏழாவது ரீலை மாட்டிவிட்டார்கள் என்று. கொட்டகையில் யாரும் கேட்கவில்லை. நான் மட்டும் ஆபரேட்டரிடம் போய், "ஐயா, நீதிபதிகள் உட்கார்ந்திருக்கிறோம், இப்படிச் செய்யலாமா?" என்று கொதித்தேன்.

அவர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "செத்தவ திரும்பி வந்ததுல சனத்துக்குச் சந்தோசந்தான் சார். நீங்க ஒருத்தருதான் வருத்தப்படுறீங்க."

முதல் கூட்டல்

மூன்றாவது வாரம் வேலைக்காரிப் படம். அதில் எனக்கு வம்பு ஒன்றும் வரவில்லை. சிரித்தேன், ஏழு போட்டேன். நாலாவது வாரம் வந்ததுதான் சித்திப் படம். தாயில்லாப் பையனைப் பட்டினி போடுகிற மாற்றாந்தாய். நடித்தவள் கமலவேணி. திருக்கோகர்ணத்தில் பிறந்து, சிறு வயதிலேயே நாடகக் கம்பெனியோடு போய், பிறகு சினிமாவுக்குப் போனவள். ஊர்ப் பெண்தானே என்று யாரும் பெருமைப்படவில்லை. படத்தில் அவள் வந்தால் பெண்கள் பக்கத்திலிருந்து மண்ணை வாரித் திரையில் இறைத்தார்கள். நானும் அந்தப் பையன் முகத்தைப் பார்த்துவிட்டு, பென்சில் முனை ஒடியும்படி அழுத்தி மூன்று மார்க் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை முத்தையாவின் கடையில் கூட்டல் போட்டோம். தாய்தான் முதலில் வந்தாள், சித்தி கடைசி. சண்முகம் மட்டும் சித்திக்கு ஒன்பது கொடுத்திருந்தார். பாக்கியத்தம்மாள் நாலு முடிச்சுகளையும் பலகையில் வைத்தாள். மூன்றில் கொட்டை கலகலத்தது. சித்தியின் முடிச்சை அவிழ்த்தால் உள்ளே ஒன்றுமே இல்லை. சண்முகத்துக்கு வந்ததே கோபம்! இந்தத் தீர்ப்பில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று எழுந்துவிட்டார். மூன்று கையெழுத்தும் இல்லாமல் முடிவை வெளியிட முடியாது. பத்து நாள் தவணை சொல்லிக் கூட்டத்தைக் கலைத்தார் முத்தையா.

ஒரு கொட்டைகூடவா போடக் கூடாது என்று நான் பாக்கியத்தம்மாளிடம் கேட்டேன். அவள் வெடித்தாள்: "அவளுக்கா? என் கை வராதுங்க. மத்த படத்துல அழுதுக்கிட்டே கடலை திம்பாளுக. இந்தப் படுபாவி வந்தா ஒருத்தி வாயும் அசையாது. அம்புட்டுப் பொட்டலமும் அப்படியே மீந்துபோச்சு!"

இந்த வாக்கியத்தின் அருமை எனக்கு அப்போது விளங்கவில்லை. நோட்டை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

சித்தி வீட்டுப் பூ

இரண்டு நாள் கழித்துக் காலையில் பள்ளிக்கூட வாசலில் ஓர் அம்மாள் காத்திருந்தாள். திருக்கோகர்ணத்தில் கோயில் வாசலில் பூக் கட்டி விற்கிற செல்லம்மாள், கமலவேணியின் தாய். "பூக் கொண்டாந்தா லஞ்சமுன்னு நெனைப்பீங்க. அதான் வெறுங்கையோட வந்தேன்," என்றாள் முதலிலேயே. சித்திப் படம் ஊருக்கு வந்த நாளிலிருந்து அவளிடம் யாரும் பூ வாங்குவதில்லையாம். பிள்ளையைப் பட்டினி போட்டவள் வீட்டுப் பூ, அதைத் தலையில் வைத்தால் வீட்டுக்கு ஆகாது என்று ஒருத்தி சொல்ல, அது தெருத் தெருவாகப் பரவிவிட்டது. காலையில் கட்டிய மல்லிகை சாயங்காலம் கூடையிலேயே வாடிப்போகிறது. மகளும் ஊர்ப் பக்கம் வரப் பயப்படுகிறாள். "நீங்க படம் பார்த்தீங்களா அம்மா?" என்று கேட்டேன். கொட்டகைக்குப் போனால் தன்னை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று போகவில்லை என்றாள்.

எனக்கு மனசு கஷ்டப்பட்டது. ஆனாலும் வாத்தியார் புத்தி விடுமா? "மார்க் போட்டாச்சும்மா. போட்ட மார்க்கை நான் மாத்துறதில்லை," என்றேன். சொன்னபோது அது பெருமையாகத்தான் இருந்தது. அவள் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புறப்பட்டவள் ஒரு தரம் திரும்பினாள்.

"சிமிழ வேற யாருக்கு வேணும்னாலும் குடுங்க வாத்தியாரய்யா. 'அது நடிப்புதான், அவ அப்படிப்பட்டவ இல்ல'ன்னு ஒரு வார்த்தை மட்டும் மேடையில சொல்லிப்புடுங்க. அது போதும் எனக்கு."

யூதாஸுக்கு எத்தனை?

அந்த ஞாயிறு ஆவூருக்குப் போனேன். பூசை முடிந்து மாதா கோயில் வளாகத்தில் நின்றபோது, புதிதாக வந்திருந்த பங்குச் சாமியார் என்னைப் பிடித்துக்கொண்டார். என்னை விடப் பத்து வயது இளையவர்; கேலிக்காரர். வாத்தியார் வாரா வாரம் டாக்கி பார்க்கிறார் என்ற செய்தி எனக்கு முன்னால் ஆவூருக்கு வந்து சேர்ந்திருந்தது. நான் அது பாவக் கணக்கில் சேராது, கடமைதான் என்று நிரூபிக்க, பையிலிருந்த மார்க் நோட்டை எடுத்துக் காட்டினேன். அவர் பக்கம் பக்கமாகப் படித்தார். தாய்க்கு எட்டு: பக்கத்தில் "பொறுமைசாலி." தோழிக்கு ஒன்பது: ஆவிக் குறிப்பை அடித்துவிட்டு, "விசுவாசமானவள்." வேலைக்காரிக்கு ஏழு: "வாய் கொஞ்சம் நீளம்." சித்திக்கு மூன்று: "இரக்கமற்றவள்." சாமியார் சிரிக்க ஆரம்பித்தார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"நம்ம ஊர்ப் பாஸ்காவில யூதாஸ் வேசம் கட்டுற சூசைக்கு எத்தனை போடுவீங்க வாத்தியாரே?" என்றார். ஏசுவின் பாடுகளை ஊரார் நடிக்கிற நாடகம்தான் பாஸ்கா; அதில் அவரைக் காட்டிக்கொடுக்கிறவன் யூதாஸ். தச்சு வேலை செய்கிற சூசை சாது. எறும்புக்கும் துரோகம் நினைக்காதவர். ஆனால் வெள்ளிக்காசுப் பையைக் கையில் வாங்கி அவர் பார்க்கிற பார்வையில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அலறும். அந்த வருஷம் அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முந்தின நாள் பாஸ்காவைப் பார்த்துத் தொலைத்தார்கள். மறுநாள் காப்பியைக் குடித்துவிட்டுப் பேச்சே எடுக்காமல் வண்டி ஏறிவிட்டார்கள். சம்பந்தம் தட்டிப்போனதற்கு நான்கூட அன்றைக்கு வருத்தப்பட்டேன். "சூசைக்குத் தாராளமா ஒன்பது போடலாம் சாமி," என்றேன். சொல்லி வாயை மூடவில்லை, எனக்கே சுருக்கென்றது. நோட்டைப் பார்த்தேன். நான் நாலு வாரமாக நடிப்புக்கு மார்க் போடவே இல்லை. பள்ளிக்கூடச் சர்ட்டிபிகேட்டில் எழுதுகிற மாதிரி, நாலு பேருக்கும் நன்னடத்தைக்கு மார்க் போட்டிருக்கிறேன்!

சாமியார் நோட்டை என் பையிலேயே திருப்பி வைத்துவிட்டுச் சொன்னார்: "நல்லவ, கெட்டவன்னு மார்க் போடுறதுக்கு மேல ஒருத்தர் இருக்காரு வாத்தியாரே. அவரு வேலைய நீங்க ஏன் பாக்குறீங்க?"

தட்டிக்கு அந்தப் பக்கம்

திரும்பி வந்ததும் பாக்கியத்தம்மாளிடம் போனேன். செல்லம்மாள் வந்ததையும் வாடிய பூவையும் சொன்னேன். அவள், தானும் இரண்டு வாரமாகச் செல்லம்மாளிடம் பூ வாங்கவில்லை என்று ஒப்புக்கொண்டாள். "அந்த அம்மாவ இங்கிட்டுக் கூட்டியாங்க. என் பக்கத்துல உக்காரட்டும். எவ என்ன சொல்றான்னு நான் பாத்துக்கிறேன்," என்றாள். சித்தியைத் திட்டுவதற்கென்றே ஜனங்கள் வந்துகொண்டிருந்ததால் படம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. மறுநாள் முதல் ஆட்டத்துக்குச் செல்லம்மாள் வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பாக்கியத்தம்மாளுக்குப் பின்னாலேயே உள்ளே போனதைப் பார்த்தேன். நானும் சண்முகமும் தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தோம். நான் பழைய பக்கத்தைக் கிழித்துப் போட்டுவிட்டுப் புதுப் பக்கம் திறந்தேன். என் வாத்தியார் வாழ்க்கையில் மறு திருத்தம் அதுதான் முதல் தடவை.

இந்த முறை பையனைப் பார்க்காமல் அவளை மட்டும் பார்த்தேன். ஐந்தாவது ரீலில் பையன் பசி தாங்காமல் சோற்றுப் பானையில் கைவிட்டு ஒரு வாய் அள்ளிப் போட்டுக்கொள்கிறான். சித்தி வருகிறாள். கத்தவில்லை, அடிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, அவன் வாயைத் தன் விரலால் மெதுவாகத் திறந்து, உள்ளே இருந்த சோற்றை வழித்து எடுக்கிறாள். பானையை மூடுகிறாள். கையை முந்தானையில் துடைத்துக்கொள்கிறாள். அவ்வளவுதான். அந்தத் துடைப்பில் என் முதுகு சில்லிட்டது. கொட்டகையில் ஒரு சத்தம் இல்லை. பாக்கியத்தம்மாள் சொன்ன மாதிரி ஒரு வாயும் அசையவில்லை; அவள் வசவாகச் சொன்னது பெரிய பாராட்டு என்று இப்போதுதான் உறைத்தது. அப்போது தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வெடித்தது. "அடி பாவி மகளே! பச்சப் புள்ள வாயில கெடக்குற சோத்தையாடி புடுங்குற? நீ நல்லாருப்பியாடி!"

அது செல்லம்மாளின் குரல். பள்ளிக்கூட வாசலில் கேட்ட அதே குரல். பெற்ற மகள் என்பதே மறந்துபோய்விட்டது அவளுக்கு. ரீல் முடிந்து விளக்கு வந்தது. பெண்கள் பக்கத்தில் முதலில் ஒரு குசுகுசுப்பு. "அவ ஆத்தாதாண்டி, அவ ஆத்தாதான்" என்று. செல்லம்மாள் சுயநினைவு வந்து, வாயைப் பொத்திக்கொண்டு அழுததும், பக்கத்திலிருந்தவர்கள் அவளைத் தட்டிக்கொடுத்ததும் எனக்குத் தட்டி இடுக்கு வழியாகத் தெரிந்தது. பார்க்கக் கூடாதுதான், பார்த்தேன். சண்முகம் அன்றைக்குத்தான் கண்ணைத் திறந்திருந்தார், கண் கலங்கியிருந்தது.

பாக்கியத்தம்மாள் தட்டி ஓரமாக வந்து, அந்தக் காலி முடிச்சை அவிழ்த்து, என் எதிரிலேயே பத்துக் கொட்டையையும் உள்ளே போட்டு முடிந்தாள். "பெத்த ஆத்தாவே ஏசிப்புட்டாங்க! இதுக்கு மேல ஒரு பொம்பளை என்னத்த நடிச்சுக் காட்டணும்?"

சிமிழ்

புதுப் பக்கத்தில் நான் ஒன்பது போட, சித்திக்கே சிமிழ் என்று மூன்று கையெழுத்தும் விழுந்தது. நான் மார்க்கை மாற்றிய சங்கதி தெரிந்ததும் முத்தையா சிரித்துக்கொண்டார். ஹெட்மாஸ்டரின் மச்சினன்தான் ஒரு வாரம் என்னைக் கண்டால் தொண்டையைச் செருமிக்கொண்டு போனார். அவர் மகனுக்கு அந்த ஒரு மார்க் இப்போதும் கிடையாது என்பதைப் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

பரிசளிப்பைக் கொட்டகையிலேயே, பகலில் வைத்தார்கள். கமலவேணி ரயிலில் வந்து இறங்கினாள். ஒல்லியான, கூச்சப்பட்ட பெண். தலையில் தாய் கட்டிய மல்லிகை. சிமிழைப் பாக்கியத்தம்மாள்தான் கொடுத்தாள். என்னைப் பேசச் சொன்னார்கள். செல்லம்மாள் கேட்ட அந்த ஒரு வார்த்தையைச் சொன்னேன்: "அது நடிப்பு. இந்தப் பெண் அப்படிப்பட்டவள் இல்லை. அவளுக்கு நான் முதலில் போட்டது மூன்று. அது அவள் தப்பில்லை, என் தப்பு." இத்தனை வருஷத்தில் கரும்பலகையில் தப்பாகப் போட்ட கணக்கைக்கூட நான் ஒப்புக்கொண்டது கிடையாது.

கூட்டம் கலையவில்லை. பெண்கள் தட்டியை விலக்கிக்கொண்டு மேடை ஓரமாக வந்து அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஒருத்தி தைரியமாகக் கேட்டாள்: "ஏந்தாயி, அப்ப அந்தப் புள்ள நெசமாப் பட்டினி கெடக்கலையா?" கமலவேணிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "இல்லக்கா. அந்த எடத்த நாலு தடவை எடுத்தாங்க. ஒவ்வொரு தடவையும் முடிஞ்சதும் அவனுக்கு நான்தான் ஊட்டிவிட்டேன்," என்றாள். இத்தனை நாளாக அந்தப் பையனுக்காகத் தூக்கமில்லாமல் இருந்த ஊர் அன்றைக்குத்தான் மூச்சு விட்டது. செல்லம்மாள் கூடையோடு ஓரமாக நின்றிருந்தாள். பூ வேண்டாம் என்று முதன்முதலில் சொல்லிப் பரப்பியவள் இவள்தான் என்று பாக்கியத்தம்மாள் எனக்குக் காட்டியிருந்த பெண் அவளிடம் போனாள். எனக்குத் திக்கென்றது.

அவள் சொன்னாள்: "ஒங்க மக தலையில வச்சிருக்கிற மாதிரியே எனக்கும் ரெண்டு மொழம் குடுங்க ஆத்தா. நெருக்கமாக் கட்டுனதாப் பாத்துக் குடுங்க."

இத்தனை வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பூஜ்யத்தை விளக்கிய கணக்கு வாத்தியாரான எனக்கு, அதன் மதிப்பைப் புரிய வைத்தது பாக்கியத்தம்மாளின் காலி முடிச்சுதான் என்பதை நன்றியோடும் கொஞ்சம் வெட்கத்தோடும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.